வார்டில் செவிலியரின் சொல்லுக்கு எடை எங்கிருந்து வருகிறது? – பணிச்சூழலும் அதிகாரமும் குறித்து ஒரு விவாதம்

குடமுருட்டி (தஞ்சாவூர்)

ஒவ்வோர் ஆண்டும் உலகச் செவிலியர் தினமான மே 12 நெருங்கும்போது மருத்துவமனைகளில் செவிலியருக்கென்று வகுப்புகள் நடக்கின்றன. வெளியிலிருந்து வரும் பேச்சாளர் தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, மூச்சுப் பயிற்சி என்று இரண்டு மணி நேரம் பேசுகிறார், கேக் வெட்டப்படுகிறது, மதிய டியூட்டிக்காரர்கள் பாதியில் எழுந்து வார்டுக்கு ஓடுகிறார்கள். வகுப்பு முடிந்து திரும்பிப் போகும் வார்டு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் நீண்ட காலம் வார்டில் இருந்துவிட்டு, இப்போது பணியிடைப் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறேன். அடுத்த வகுப்பின் தலைப்பே 'செவிலியரை அதிகாரப்படுத்துதல்' என்று வந்திருப்பதால், அதற்குத் தயாராகும்போது எழுந்த கேள்வியை இங்கே வைக்கிறேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மோஸ் கேன்டர் 1977இல் ஒரு பெரிய நிறுவனத்தை ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார். வேலையிடத்தில் ஒருவர் ஒடுங்கிப் போவதற்கான காரணத்தை அவருடைய குணத்தில் தேடுவதைவிட, அவர் வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் தேட வேண்டும் என்பது அதன் சாரம். தேவையான தகவல் அவருக்கு வந்து சேருகிறதா, மேலே இருப்பவர்களும் உடன் இருப்பவர்களும் துணை நிற்கிறார்களா, வேலைக்கு வேண்டிய பொருளும் ஆளும் நேரமும் கிடைக்கின்றனவா, கற்று முன்னேற வழி உண்டா என்ற நான்கும்தான் ஒருவருடைய செயல்திறனைத் தீர்மானிக்கின்றன என்றார். இதைச் செவிலியரிடம் கொண்டுவந்து, கேள்வித்தாள்களாக வடித்துப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தவர் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெதர் லாஷிங்கர். இந்த நான்கும் கிடைக்கும் இடங்களில் செவிலியருக்கு வேலையில் நிறைவும் நிர்வாகத்தின் மீது நம்பிக்கையும் கூடுதலாகவும், சலிப்பும் சோர்வும் குறைவாகவும் இருப்பதை அவருடைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின.

நம் வார்டுக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். காலை ரவுண்ட்ஸில் ஆன்டிபயாட்டிக்கை மாற்றுகிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்று இரவு டியூட்டிக்கு வரும் செவிலியருக்கு யாரும் சொல்வதில்லை, மருந்துகளைக் குறிக்கும் டிரக் சார்ட்டில் பழைய மருந்தின் மேல் ஒரு கோடு மட்டும் இருக்கும். இரண்டு வார்டுக்கும் சேர்த்து ஒரே மானிட்டர். நோயாளியின் உறவினர் கையை ஓங்கிக்கொண்டு வரும்போது பக்கத்தில் காவலாளி இல்லை. பி.எஸ்சி. முடித்தவர் எம்.எஸ்சி. படிக்க விரும்பினால் விடுப்புக்கு அலைய வேண்டியிருக்கிறது. இவை அப்படியே இருக்கும்போது அவரிடம் போய் 'தைரியமாகப் பேசுங்கள்' என்று சொல்வதில் என்ன பயன் என்று எனக்குப் புரியவில்லை.

ஆள் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் 5 பேருக்கு 1 என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். சம்பா நடவு முடிந்து மழை பிடிக்கும் ஐப்பசியில், காய்ச்சல்காரர்களும் பாம்புக்கடிக்காரர்களும் கட்டிலுக்கு இடையிலும் பாய் விரித்துப் படுத்திருக்கும் வார்டை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த இரவில் அளவுகோலை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் பணியில் சோர்ந்து போகும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்வதாக அது கணக்கிட்டது.

என் கேள்வி இதுதான். உங்கள் இடத்தில், நோயாளிக்காக நீங்கள் வாய் திறந்து பேச முடிந்தது என்றால் அதைச் சாத்தியமாக்கியது எது? முடியவில்லை என்றால் குறுக்கே நின்றது எது? ஊதியப் பிரச்சினை இருப்பது எனக்குத் தெரியும். அதோடு நிற்காமல் வார்டுக்குள் நடப்பதையும் எழுதுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

குடமுருட்டி அக்காவுக்கு வணக்கம். ஊதியத்தோடு நிற்காமல் எழுதச் சொன்னீர்கள். ஆனால் எங்களைப் போன்றவர்கள் அங்கிருந்துதான் தொடங்க முடியும். நான் வேலை பார்ப்பது சுமார் 60 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, தனியார் செவிலியருக்கான ஊதியத்தைப் படுக்கை எண்ணிக்கையை வைத்துப் பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாகவும், 100 முதல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையாமலும், 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையாமலும், 50க்குக் கீழே இருந்தால் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு உரியது மூன்றாவது வகை. என் கைக்கு வருவது நான்காவது வகையின் தொகைகூட இல்லை.

ஆனால் என்னைப் பேச விடாமல் தடுப்பது சம்பளக் குறைவு மட்டும் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்று என்னுடைய மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு முடிப்பதாக எழுதியும் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் மருந்தின் அளவு அதிகமாகத் தெரிந்ததால் டியூட்டி டாக்டரிடம் மறுபடி பார்க்கும்படி கேட்டேன். அவர் பார்த்தார், திருத்தினார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மேலாளர் என்னை அழைத்து, 'டாக்டர்களுக்குப் பாடம் எடுக்கிறாயாமே' என்று கேட்டார். என் சான்றிதழ் அவருடைய பீரோவில் இருக்கும்போது நான் என்ன பதில் சொல்ல முடியும்? வேலையை விட்டுப் போக முடிகிறவர்தான் வேலையில் இருந்துகொண்டு பேசவும் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் குறிப்பிட்ட அந்த நான்கில் இது எதில் அடங்கும் என்று தெரியவில்லை.

கொள்ளிடம் (மயிலாடுதுறை, அறுவை சிகிச்சை மருத்துவர்)

மருத்துவர் தரப்பிலிருந்து மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சிகிச்சை முடிவுக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். நுகர்வோர் வழக்கில் எதிர்மனுதாரராக நிற்பவரும் அவரே. நள்ளிரவில் ஒவ்வோர் ஆணையும் விவாதத்துக்கு உள்ளானால் வேலை நடக்காது. செவிலியருக்கு மரியாதையும் தகுந்த ஊதியமும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிகாரம் என்ற சொல்லைப் பொறுப்பிலிருந்து பிரித்துப் பேசுவதில்தான் எனக்குத் தயக்கம்.

ஆனாலும், என் எதிர்வாதத்தை நானே பாதி வெட்டிவிடும் ஒரு நடைமுறை ஆபரேஷன் தியேட்டரில் இருப்பதை மறைக்க முடியாது. வயிற்றை மூடுவதற்கு முன் பஞ்சுத் துணிகளையும் கருவிகளையும் தியேட்டர் சிஸ்டர் எண்ணிச் சொல்கிறார். எண்ணிக்கை சரியாக வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டால், நான் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் தையல் போட மாட்டேன், போட்டதும் இல்லை. அவர் நேற்று சேர்ந்தவராக இருந்தாலும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் இருக்கின்றன. அதை டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009இல் முடிவு வெளியானது. அந்தப் பட்டியலைச் சத்தமாக வாசிப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். யாரும் அதை 'டாக்டருக்குப் பாடம் எடுப்பது' என்று சொல்வதில்லை.

குடமுருட்டி (தஞ்சாவூர்)

டாக்டர், நான் கேட்பதும் அதைத்தான். தியேட்டரில் அந்த சிஸ்டருக்கு இருக்கும் துணிச்சல் அவருடைய பிறவிக்குணம் இல்லை. எண்ணிக்கை சொல்வது அவருடைய கடமை என்று எழுதப்பட்டிருப்பதால் வந்தது. அவரையே அடுத்த மாதம் பொது வார்டுக்கு மாற்றினால் வாயை மூடிக்கொள்வார், ஏனென்றால் அங்கே அப்படி எழுதப்பட்ட இடம் எதுவும் கிடையாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கணக்கெடுத்தார். 1996இல் அவர் வெளியிட்ட முடிவு எதிர்மாறாக இருந்தது: நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதல்ல, சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை இருந்ததால் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்டுகொண்ட விளக்கம். நம் மருத்துவமனைகளில் மாதக் கடைசியில் 'தவறுகள்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடும் பதிவேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

வெட்டாறு (நாகப்பட்டினம், ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்)

பிள்ளைகள் எழுதியதையெல்லாம் படித்தேன். வார்டின் காற்று எப்படி வீசுகிறது என்பதைத் தீர்மானிப்பவர் டீனோ இணை இயக்குநரோ இல்லை, அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர்தான் என்பது என் அனுபவம். மேலே எவ்வளவு நல்ல ஆணை போட்டாலும் அது வார்டுக்கு வந்து சேருவது கடைமடைக்குத் தண்ணீர் வருவது போலத்தான். நடுவில் உள்ள மடையை யார் திறக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அந்த இன்சார்ஜ் சிஸ்டர் ஏன் கடுகடுப்பாக இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பெட்ஷீட் முதல் பி.பி. கருவி வரை எல்லாம் அவர் பெயரில் ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருக்கின்றன. ஒன்று உடைந்தால், தொலைந்தால், தணிக்கையில் கேள்வி அவருக்கு வரும். சில இடங்களில் பணத்தையும் அவரே கட்ட நேரும். பழுதானதைக் கழிக்க ஒரு கோப்பு, அதற்கு ஒரு குழு, அந்தக் குழு கூட ஒரு காலம். ஆகவே அவர் புதிய கருவியைப் பீரோவில் பூட்டி வைக்கிறார். இரவில் மூச்சுத் திணறும் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் இளம் செவிலியருக்குச் சாவி எங்கே என்று தெரிவதில்லை. பொருள் மருத்துவமனையில் இருக்கிறது, நோயாளியிடம் வந்து சேரவில்லை. இதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் 'மூத்த செவிலியர் இளையவரை நசுக்குகிறார்' என்று எழுதிவிடுகிறார்கள். நசுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் அந்த ரெஜிஸ்டர் செய்யும் வேலை.

நான் கண்காணிப்பாளராக இருந்தபோது, எழுத்தில் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கும் பழக்கத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டினேன். ஊசி போட்ட இடம் வீங்கினால் மெமோ, ஆய்வுக்கு வந்த அதிகாரியின் கண்ணில் ஒட்டடை பட்டால் மெமோ. துப்புரவுப் பணியாளரின் வேலையில் குறை இருந்தாலும், ஆள் குறைவால் நடந்த தாமதமாக இருந்தாலும், காகிதம் வந்து நிற்பது செவிலியர் மேசையில். மெமோவுக்கு விளக்கம் எழுதுகிறவர் நடந்ததை எழுத மாட்டார், தன்னைக் காக்கும் விதமாகத்தான் எழுதுவார். இதை எந்த அதிகாரிக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை.

பாண்டவையாறு (திருவாரூர்)

நான் ஆண் செவிலியர். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டவர்களின் தொகுப்பூதியம் 7,700 ரூபாய் என்பதும், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறையின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் பெரிய போராட்டம் நடந்தது என்பதும் பலருக்கு நினைவிருக்கும். ஊதியம் பிறகு படிப்படியாக உயர்ந்தது. ஒப்பந்தம் என்ற நிலை வார்டுக்குள் செய்யும் வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ஒரே வார்டில், ஒரே சீருடையில், ஒரே டிரிப்பை ஓடவிடும் இருவரில் ஒருவர் நிரந்தரம், மற்றவர் தொகுப்பூதியம். நிரந்தரப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு; அருகில் நிற்கும் ஒப்பந்தச் செவிலியர் அதற்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தற்காலிகமாக வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் மாற்றுப்பணி ஆணை வந்தால் முதலில் அனுப்பப்படுவது யார், தீபாவளி இரவு டியூட்டி யாருக்கு விழும் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த இருவருக்கும் இடையே மனக்கசப்பு வளர்கிறது, அது ஷிப்ட் மாறும்போது ரிப்போர்ட் கொடுப்பதில் தெரிகிறது: ஒருவர் சொல்லாமல் விட்டதை இன்னொருவர் கேட்காமல் விடுகிறார். பணிநிரந்தரத்துக்காகக் காத்திருப்பவர், தன் பெயர் எந்தக் கோப்பிலும் சிவப்பு மையில் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே குறையைச் சொல்லாமல் போகிறார். அரசலாறு சகோதரிக்குச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது என்றால், எங்களுக்குப் பணி மூப்புப் பட்டியல் பீரோவில் இருக்கிறது.

ஆண்களைப் பற்றி ஒரு வரி. பெண்கள் வார்டில் எங்களைப் போட மாட்டார்கள், அது நியாயமே. ஆனால் தகராறு வந்தால் மட்டும் எல்லா வார்டிலிருந்தும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். காவலாளி வேலைக்கு நாங்கள் படிக்கவில்லை.

முள்ளியாறு (வேதாரண்யம் வட்டம்)

நான் எழுதப்போவது சற்று வேறு விதமான அனுபவம். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்துப் பணி செய்கிறோம். இரவில் நான் ஒருத்திதான். வலியோடு வருகிறவரைப் பரிசோதித்து, பிரசவம் முன்னேறுவதைக் காட்டும் பார்ட்டோகிராஃப் வரைபடத்தை வரைந்து, இங்கேயே பிரசவம் பார்க்கலாமா, நாகைக்கோ திருவாரூருக்கோ அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுப்பது நான். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், இரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடுவதற்கு யாருடைய அனுமதிக்காகவும் காத்திருப்பதில்லை. வலிப்பு வந்த தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் முதல் தவணையைப் போட்டு 108இல் ஏற்றிவிட்டுத்தான் மருத்துவ அலுவலரைத் தொலைபேசியில் அழைக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறிய பிறகு பல நாட்கள் மின்சாரம் இல்லை, சாலை முழுவதும் தென்னைகள் விழுந்து கிடந்தன. அப்போதும் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட என்னை ஒருமுறை மாற்றுப்பணியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பிரசவ வார்டில் பயிற்சி மருத்துவர் வந்து எழுதும்வரை ஒரு டிரிப் போடவும் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. படிப்பும் கையும் மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது. ஆகவே குடமுருட்டி அக்கா எடுத்துக்காட்டிய அந்த 1977ஆம் ஆண்டுக் கருத்து எனக்குப் புத்தகம் படிக்காமலேயே புரிந்த ஒன்று.

அதே நேரத்தில் கொள்ளிடம் டாக்டர் பொறுப்பைப் பற்றிச் சொன்னதும் எங்களுக்குப் பொருந்தும், ஆனால் வேறு முறையில். முடிவை எங்களிடம் விட்டுவிடுகிறார்கள். முடிவு சரியாக அமைந்தால் நிலையத்துக்கு நல்ல பெயர், அமையாவிட்டால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்பது நான். 'ஏன் இரண்டு மணி நேரம் முன்பே அனுப்பவில்லை' என்று கேட்பார்கள். முன்பே அனுப்பியிருந்தால் 'ஏன் தேவையில்லாமல் அனுப்பினாய்' என்று கேட்டிருப்பார்கள். ஆள் இல்லாத இடத்தில் தானாக வந்து விழும் அதிகாரத்தையும், நம்பிக் கொடுக்கப்படும் அதிகாரத்தையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் முதல் வகை.

கோரையாறு (மன்னார்குடி, விவசாயி)

நான் செவிலியரும் இல்லை, மருத்துவரும் இல்லை. நோயாளியோடு வார்டில் கிடந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வரப்பில் நடந்துபோன என் தம்பியைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. மருத்துவமனையில் ஒரு சிஸ்டர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். உறையவில்லை. உடனே மருத்துவரை அழைத்து விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். இரவு முழுவதும் அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தவர் அவரே. சிறுநீரின் நிறத்தைக் கேட்டவர் அவரே.

ஆனால் 'சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா' என்று நான் கேட்டபோது 'டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், அவரைக் கேளுங்கள்' என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. மருத்துவர் வந்தபோது எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர்கள் குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டதும் அந்த சிஸ்டரிடம்தான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிந்தவர் அவர் ஒருவரே. அவர் ஏன் எங்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை? சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

குடமுருட்டி (தஞ்சாவூர்)

கோரையாறு ஐயா, செவிலியர் நோயாளியிடம் பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நோயைக் கண்டறிந்து முதலில் அறிவிக்க வேண்டியவர் மருத்துவர் என்பது முறை. ஆனால் அந்த அறிவிப்பு எப்போது நடந்தது, உங்களிடம் என்ன சொல்லப்பட்டது என்று அந்த சிஸ்டருக்கு யாரும் தெரிவிப்பதில்லை. தெரியாமல் அவர் ஒன்றைச் சொல்லி, மருத்துவர் வேறொன்றைச் சொன்னால் மாட்டிக்கொள்வது அவர்தான். எனவே பாதுகாப்பான ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறார். அவருக்குத் தகவல் மறுக்கப்படுவது உங்களுக்குத் தகவல் மறுக்கப்படுவதாக வந்து முடிகிறது. நான் வகுப்பில் சொல்ல நினைத்திருந்ததை நீங்கள் கட்டிலின் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டீர்கள்.

வன்முறையைப் பொறுத்தவரை, மருத்துவப் பணியாளர்களையும் நிலையங்களையும் பாதுகாக்கும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கிறது. அடிவாங்கியவர் செவிலியராக இருந்தால் 'ஊர்க்காரர்கள்தானே, சமாதானமாகப் போங்கள்' என்று சொல்லிப் புகாரை எழுதவிடாமல் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவரை அடித்தால் மறுநாள் புறநோயாளிப் பிரிவு மூடப்படுகிறது. இந்த வேறுபாடு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

உய்யக்கொண்டான் (திருச்சி, தனியார் மருத்துவமனை நிர்வாகம்)

நிர்வாகத்தைத் திட்டுவது எளிது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகைக்குள்தான் மருந்து, கருவி, ஆள் செலவு எல்லாம் அடங்க வேண்டும். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி கொடுத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்க வைத்த செவிலியர், தேர்ச்சி பெற்ற கையோடு வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுகிறார். ஊதியத்தைக் கொஞ்சம் உயர்த்தியும் போக்கு நிற்கவில்லை. விலகுகிறவர்களிடம் உட்கார்ந்து பேசியபோது, டியூட்டி பட்டியலை முந்தைய நாள் இரவில் மாற்றுவதைப் பற்றித்தான் அதிகம் பேர் சொன்னார்கள். குழந்தையின் பள்ளி, மாமியாரின் மருந்து, கடைசிப் பேருந்து என்று எல்லாம் அந்தப் பட்டியலைச் சார்ந்திருக்கின்றன. இப்போது வார்டுச் செவிலியரே சேர்ந்து மாதப் பட்டியலைப் போடுகிறார்கள், நாங்கள் எண்ணிக்கையை மட்டும் சரிபார்க்கிறோம். இரவு டியூட்டிக்குச் சண்டை வரும் என்று பயந்தோம். வந்தது, அவர்களே தீர்த்துக்கொண்டார்கள்.

அரசலாறு சொன்ன சான்றிதழ் விஷயத்தை எந்த நிர்வாகியும் நியாயப்படுத்தக் கூடாது.

கல்லணைக் கால்வாய் (பட்டுக்கோட்டை, தற்போது ஓமன்)

இங்கே ஐந்து ஆண்டுகளாக இருக்கிறேன். சந்தேகம் வந்தால் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்து மருந்தாளுநரை அழைக்கலாம். அப்படி அழைத்ததற்காக என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஆனால் எல்லாம் சொர்க்கம் என்று எண்ண வேண்டாம். விசா அவர்கள் கையில் இருக்கிறது. வார்டில் டாக்டரிடம் துணிந்து பேசும் நான், விடுப்புக் கேட்டு நிர்வாகத்திடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

கொள்ளிடம் (மயிலாடுதுறை)

முள்ளியாறு சகோதரியின் பதிவு என் எண்ணத்தை அசைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் போன்ற ஒருவர் என் வார்டுக்கு மாற்றுப்பணியில் வந்திருந்தால், நானும் அவரைக் காக்க வைத்திருப்பேன். தியேட்டரில் எண்ணிக்கை சொல்வதுபோல வார்டு ரவுண்ட்ஸில் செவிலியருக்கு எழுதப்பட்ட இடம் ஒன்று வேண்டும் என்ற வாதத்தை ஏற்கிறேன். ஒவ்வொரு கட்டிலிலும் முதலில் அந்தக் கட்டிலின் செவிலியர் பேசட்டும்: இரவில் காய்ச்சல் ஏறியதா, எவ்வளவு சிறுநீர் போனது, எந்த மருந்து ஸ்டாக்கில் இல்லை, உறவினர் என்ன கேட்டார்கள். அதன்பின் பயிற்சி மருத்துவர், கடைசியாக நான். என்ன சொல்லி அனுப்பினோம் என்பதைக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதினால் கோரையாறு ஐயாவின் கேள்விக்கும் பதில் சொல்ல முடியும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. என் யூனிட்டில் தொடங்க முடியும், ஆனால் ரவுண்ட்ஸ் நேரத்தில் செவிலியர் கட்டிலருகே நிற்க வேண்டும். இப்போது அந்த நேரத்தில் அவர்கள் மருந்தகத்திடம் மருந்து கேட்கும் இன்டென்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்டாறு (நாகப்பட்டினம்)

இன்டென்ட்டை மதியத்துக்கு மாற்றச் சொல்லுங்கள் டாக்டர். மருந்தகம் காலையில் மட்டுமே இன்டென்ட் வாங்கும் என்று சொல்வார்கள். அது விதி இல்லை, மருந்தகத்தின் வசதி. உங்களைப் போன்ற ஒருவர் கேட்டால் மாறும். நாங்கள் கேட்டால் மாறாது என்பதும் இந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றுதான்.

அரசலாறு (கும்பகோணம்)

ரவுண்ட்ஸில் முதலில் பேசுவது நல்ல யோசனை. எங்கள் மருத்துவமனையில் மருத்துவர்கள் வெளியிலிருந்து வந்து போகிறவர்கள், ரவுண்ட்ஸ் என்பது பத்து நிமிடம். என் பிரச்சினை அதற்கு முந்தையது. என்னோடு சேர்ந்த இன்னும் நான்கு பேரின் சான்றிதழ்களும் அங்கேதான் இருக்கின்றன. தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாக மிரட்டுவார்கள். என்ன செய்வது என்று பெரியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெட்டாறு (நாகப்பட்டினம்)

மகளே, கல்விச் சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் கூறியிருக்கிறது. ஐந்து பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள். கோபமாக எதுவும் எழுத வேண்டாம். எந்தத் தேதியில் எந்தச் சான்றிதழ் வாங்கப்பட்டது, அதன் எண் என்ன, எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் இருக்கட்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பணி ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

ஒப்பந்த நகல் எங்கள் யாரிடமும் இல்லை, அம்மா. நான்கு பேரில் மூவர் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தை எழுதி இங்கேயே வைக்கிறேன், அனுப்புவதற்கு முன் யாராவது ஒருமுறை படித்துப் பாருங்கள்.